வாய் மூடாத லோக் ஆயுக்தா

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் அங்கோலாவுக்குப் பக்கத்தில் பேலேகேரி என்று ஒரு சிறு துறைமுகம் இருக்கிறது. 2010 மார்ச்சில் அங்கே மலை மலையாகக் குவிந்துகிடந்த இரும்புத் தாதுவை வனத் துறை ஜப்தி செய்தது. ஏறத்தாழ 5 லட்சம் டன். பெல்லாரியிலிருந்து முறையான பர்மிட் இல்லாமல் லாரிகளில் வந்து இறங்கிய சரக்கு அது. நடவடிக்கை எடுத்தவர் துணை வனப் பாதுகாவலர் ஆர்.கோகுல். ஜப்தி செய்த தாதுவை எங்கே தூக்கிக்கொண்டு போக முடியும்? துறைமுகத்திலேயே, அங்கிருந்த அதிகாரிகளின் பொறுப்பில் விட்டுவைத்தார்கள். சில வாரங்கள் கழித்துப் போய்ப் பார்த்தால், அதில் பெரும்பகுதி கப்பலேறிப் போயிருந்தது.

இப்படி ஒன்று நடந்தால் அரசாங்கத்தின் கோபம் யார் மீது திரும்ப வேண்டும்? கர்நாடகத்தில் அது கோகுல் மீது திரும்பியது. அவரைப் பணியிடை நீக்கம் செய்யும் வேலைகள் தொடங்கின. 2010 ஜூன் 23 அன்று ஊழல் புகார்களை விசாரிக்கும் மாநில லோக் ஆயுக்தா என்.சந்தோஷ் ஹெக்டே தன் பதவியை ராஜினாமா செய்தார். தனக்கு உதவிய ஒரு நேர்மையான அதிகாரியைக்கூடக் காப்பாற்ற முடியாத நாற்காலியில் தனக்கென்ன வேலை என்பதுதான் அவர் ஊடகங்களிடம் சொன்னதன் சாரம்.

உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பத்திரிகையாளர்களைக் கூட்டிவைத்து அரசாங்கத்தைப் பற்றிப் பேசியது அன்று பலருக்குப் பிடிக்கவில்லை. நீதிபதி என்பவர் தீர்ப்பின் வழியாகத்தான் பேச வேண்டும் என்று நம் நீதித் துறையில் ஒரு மரபு உண்டு. அந்த மரபை ஹெக்டே மீறுகிறார், மைக்கைக் கண்டால் விடமாட்டேன் என்கிறார் என்றெல்லாம் சொன்னார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் மட்டுமல்ல, வழக்கறிஞர்கள் சிலரும் சொன்னார்கள். அவர் பேசியது சரிதான் என்பது மட்டுமல்ல, பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பதவியில் அவர் செய்த எதுவுமே நடந்திருக்காது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

ஏன் என்று புரிந்துகொள்ள, லோக் ஆயுக்தாவுக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மொரார்ஜி தேசாய் தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 1966-ல் மத்தியில் லோக்பால், மாநிலங்களில் லோக் ஆயுக்தா என்று பரிந்துரைத்தது. மாநிலங்கள் ஆளுக்கொரு விதமாகச் சட்டம் போட்டுக்கொண்டன. கர்நாடகத்தில் ராமகிருஷ்ண ஹெக்டே ஆட்சியில் 1984-ல் சட்டம் வந்து, 1986-ல் நடைமுறைக்கு வந்தது. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் கர்நாடகச் சட்டம் பலமானது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதியவும், பொறி வைத்துப் பிடிக்கவும், சோதனை போடவும் லோக் ஆயுக்தாவோடு சேர்ந்து ஒரு போலீஸ் பிரிவே இயங்கியது.

ஆனால் இவ்வளவும் முதல் பாதிதான். லஞ்சம் வாங்கும்போது கையும் களவுமாகப் பிடித்த அதிகாரி மீது நீதிமன்றத்தில் வழக்கு நடத்த அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். கோப்பு தலைமைச் செயலகத்துக்குப் போகும், அங்கேயே கிடக்கும். பிடிபட்டவர் சில மாதங்களில் பணிக்குத் திரும்புவார், சில சமயம் அதே இடத்துக்கு, சில சமயம் இன்னும் வசதியான இடத்துக்கு. விசாரணை அறிக்கைகளின் கதியும் அதுதான். லோக் ஆயுக்தா பரிந்துரைக்கலாம். ஏற்பதும் ஏற்காததும் அரசின் விருப்பம். யாரைப் பற்றி அறிக்கை எழுதப்படுகிறதோ அவரிடமே அறிக்கை போய்ச் சேருகிற ஏற்பாடு இது. ஆணையிடும் அதிகாரம் உள்ள நீதிபதி மௌனமாக இருக்கலாம், அவருடைய தீர்ப்பு வேலை செய்யும். பரிந்துரைக்க மட்டுமே முடிகிற ஒருவர் மௌனமாக இருந்தால் அவருடைய அறிக்கை அலமாரிக்குத்தான் போகும். ஊரறியச் சொல்வது ஒன்றுதான் அவர் கையில் இருக்கும் ஆயுதம். ஹெக்டேயின் சாமர்த்தியம் இதைப் புரிந்துகொண்டதில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சட்டம் பிறந்த காலத்தில் கர்நாடக அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர் இதே சந்தோஷ் ஹெக்டே. 1984 பிப்ரவரி முதல் 1988 ஆகஸ்ட் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அரசாங்கத்துக்காக வாதாடியவர், பிற்பாடு அதே சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அரசாங்கத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

அப்பாவும் மகனும்

1940-ல் பிறந்த ஹெக்டே, கடலோரக் கர்நாடகத்தின் பேர்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தை கே.எஸ்.ஹெக்டே உச்ச நீதிமன்ற நீதிபதி. 1973 ஏப்ரலில், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வந்தது. உடனே இந்திரா காந்தி அரசு, அரசுக்கு எதிராகத் தீர்ப்பெழுதிய ஷெலட், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்த நீதிபதிகளை ஒதுக்கிவிட்டு ஏ.என்.ரேயைத் தலைமை நீதிபதியாக்கியது. மூவரும் ராஜினாமா செய்தார்கள். நெருக்கடி நிலைக்குப் பிறகு 1977 தேர்தலில் கே.எஸ்.ஹெக்டே பெங்களூரு தெற்குத் தொகுதியில் ஜனதா கட்சி சார்பில் வென்று, மக்களவைத் தலைவரும் ஆனார்.

மகன் ராஜினாமா செய்தபோது தந்தையின் ராஜினாமா நினைவுக்கு வராமல் இருக்காது. ஒப்பீடு எளிதாகக் கைக்கு வரும், ஆனால் முழுக்கப் பொருந்தாது. தந்தை ராஜினாமாவைத் திரும்பப் பெறவில்லை. மகன் பெற்றார். அதைப் பற்றிப் பிறகு.

வழக்கறிஞராகச் சந்தோஷ் ஹெக்டேயின் ஏறுமுகம் சீரானது. மூத்த வழக்கறிஞர், மாநிலத் தலைமை வழக்கறிஞர், மத்திய அரசின் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல், 1998-ல் சொலிசிட்டர் ஜெனரல். 1999 ஜனவரியில் உயர் நீதிமன்றப் படியே ஏறாமல் வழக்கறிஞர் வரிசையிலிருந்து நேராக உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அப்படி நேரடியாகப் போனவர்கள் இந்திய வரலாற்றில் மிகச் சிலரே. 2005 ஜூனில் ஓய்வு. இந்த இடம்வரை இது ஒரு வெற்றிகரமான வழக்கறிஞரின் வாழ்க்கை, அவ்வளவுதான். பெங்களூருவில் ஒரு தாலுகா அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே அந்த வாழ்க்கையில் இல்லை. லோக் ஆயுக்தா ஆன பிறகுதான் சமூகத்தில் எவ்வளவு அநியாயம் நடக்கிறது என்று தனக்குத் தெரியவந்தது என்று அவரே மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார்.

2006 ஆகஸ்டில் அவரை லோக் ஆயுக்தாவாக நியமித்தது குமாரசாமி தலைமையிலான மதச்சார்பற்ற ஜனதா தளம்-பாஜக கூட்டணி அரசு. துணை முதல்வர் எடியூரப்பா. ஐந்தாண்டு முடியும்போது இந்த இருவர் பெயரும் அவர் அறிக்கையில் இருந்தன. ஓய்வுபெற்ற நீதிபதிகளுக்கு ஆணையம், தீர்ப்பாயம் என்று பதவி கொடுப்பது ஒரு மரியாதை என்றே நம் அரசியல்வாதிகள் நினைக்கிறார்கள். பதவியைப் பெற்றவரும் மரியாதையோடு நடந்துகொள்வார் என்பது எழுதப்படாத எதிர்பார்ப்பு.

அவருக்கு முன்பிருந்த லோக் ஆயுக்தா என்.வெங்கடாசலா அதிரடிச் சோதனைகளால் மாநிலம் முழுக்கப் பேர்வாங்கியவர். மருத்துவமனைக்குள்ளும் அரசு அலுவலகங்களுக்குள்ளும் தொலைக்காட்சிக் கேமராக்களோடு நுழைந்து ஊழியர்களை உலுக்கியவர். ஹெக்டேயின் பாணி வேறு. கேமராவுக்கு முன்னால் பேசினார், ஆனால் கேமராவை முன்னால் விட்டுக்கொண்டு போகவில்லை. பிடிபட்டவர்களின் அந்தஸ்தும் மாறியது. 2009 ஜனவரியில் பெங்களூரு சட்டமன்ற உறுப்பினர் விடுதியில் 5 லட்சம் ரூபாய் லஞ்ச விவகாரத்தில் ஆளுங்கட்சி எம்எல்ஏ ஒருவரை லோக் ஆயுக்தா போலீஸ் பிடித்தது. கோலார் தங்கவயல் எம்எல்ஏ ஒய்.சம்பங்கி அவர். தமிழ்த் தொழிலாளர்கள் நான்கைந்து தலைமுறைகளாக வாழும் தொகுதி அது. 2012-ல் அவருக்கு மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நில ஊழல் வழக்கில் அமைச்சர் கட்டா சுப்பிரமணிய நாயுடு 2010 டிசம்பரில் பதவியை விட நேர்ந்தது. எழுத்தரையும் கிராம நிர்வாக அலுவலரையும் பிடித்துக்கொண்டிருந்தவரை லோக் ஆயுக்தாவை எல்லாருக்கும் பிடித்திருந்தது. விரல் மேலே நீளத் தொடங்கியதும்தான் சிக்கல்.

இருபத்தேழு ரூபாய்

பெல்லாரி கதையின் சூத்திரம் மிக எளிமையானது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டுகளில் சீனாவின் எஃகு ஆலைகள் எங்கே தாது கிடைத்தாலும் வாங்கிக் குவித்தன. பெல்லாரி, ஹொசபேட்டை, சண்டூர் பகுதிகளின் தாது தரத்தில் உயர்ந்தது. ஒரு டன் 6,000, 7,000 ரூபாய்க்கு விலைபோனது. அரசுக்குப் போய்ச் சேர்ந்த ராயல்டி? டன்னுக்கு அதிகபட்சம் 27 ரூபாய். ஹெக்டே இந்த ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கிராமத்துப் பெரியவருக்கும் புரிகிற கணக்கு இது. பல்லாயிரம் பக்க அறிக்கையைவிட அந்த 27 ரூபாய்தான் கர்நாடக மக்கள் மனத்தில் தைத்தது என்று நினைக்கிறேன்.

சட்டப்படி செய்தாலே இவ்வளவு லாபம் கிடைக்கிற தொழிலில், சட்டத்தை மீறவும் செய்தார்கள். குத்தகை எல்லையைத் தாண்டி வனப் பகுதிக்குள் வெட்டினார்கள். பத்து டன்னுக்குப் பர்மிட் வாங்கிவிட்டு லாரியில் அதைப் போல ஒன்றரை மடங்கு, இரு மடங்கு ஏற்றினார்கள். பிறகு பர்மிட்டே தேவைப்படாத நிலை வந்தது. இந்த ஏற்பாட்டுக்கு அறிக்கையில் இருக்கும் பெயர் ‘ஜீரோ ரிஸ்க்’. சுரங்கக்காரர் தன் சரக்கில் ஒரு பங்கையோ பணத்தையோ பெல்லாரியின் சுரங்க அதிபர்களும் ஆளுங்கட்சிப் புள்ளிகளுமான ரெட்டி சகோதரர்களின் ஆட்களிடம் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு சோதனைச் சாவடி, வனத் துறை, போக்குவரத்துத் துறை, போலீஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. லாரி பெல்லாரியில் கிளம்பினால் கடலோரம் வரை யாரும் கை காட்டி நிறுத்த மாட்டார்கள். அந்தச் சாலையோரத்து வயல்களும் வீட்டுக் கூரைகளும் மரத்து இலைகளும் செம்மண் நிறத்துக்கு மாறிக்கிடந்ததை அந்த ஆண்டுகளில் ஹொசபேட்டை வழியாக ஹம்பிக்குப் போன தமிழகச் சுற்றுலாப் பயணிகள்கூடப் பார்த்திருப்பார்கள். கர்நாடக அமைச்சரவையில் சுற்றுலாத் துறை அப்போது அந்தச் சகோதரர்களில் ஒருவரான ஜனார்த்தன ரெட்டியிடம் இருந்தது என்பது தனி நகைச்சுவை.

சட்டவிரோதச் சுரங்கத் தொழில் பற்றி விசாரிக்கும்படி 2007-ல் அரசே லோக் ஆயுக்தாவிடம் ஒப்படைத்தது. முதல் அறிக்கை 2008 டிசம்பரில் வந்தது. முன்னாள் முதல்வர், காங்கிரஸைச் சேர்ந்த தரம் சிங்கின் முடிவு ஒன்றால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பை அவரிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார் ஹெக்டே. அதற்குள் தனியாக ஆட்சிக்கு வந்திருந்த பாஜக அப்போது மகிழ்ச்சியோடுதான் படித்திருக்கும். இரண்டாவது அறிக்கை 2011 ஜூலை 27 அன்று தலைமைச் செயலாளரிடம் கொடுக்கப்பட்டது. 25,000 பக்கங்களுக்கு மேல், இணைப்புகளோடு சேர்த்து.

இவ்வளவு பெரிய அறிக்கையை ஒரு நீதிபதி தனியாக எழுதிவிட முடியாது. இதன் முதுகெலும்பு யு.வி.சிங் என்ற இந்திய வனப் பணி அதிகாரியும் அவருடைய குழுவும். அவர்கள் செய்தது பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைதான். வனத் துறை கொடுத்த பர்மிட் எத்தனை, கனிமத் துறை கணக்கு என்ன, சோதனைச் சாவடிப் பதிவேட்டில் எத்தனை லாரி, துறைமுகத்தில் கப்பலேறியது எத்தனை டன். நான்கு கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 2006-க்கும் 2010-க்கும் இடையில் ஏறத்தாழ 2.98 கோடி டன் தாது பர்மிட்டே இல்லாமல் ஏற்றுமதியாகியிருந்தது. அதன் மதிப்பு 12,228 கோடி ரூபாய். எல்லாம் சேர்த்து அரசுக்கு இழப்பு 16,085 கோடி ரூபாய் என்றது அறிக்கை. பேலேகேரியில் கைப்பற்றிய கணினிப் பதிவுகளிலிருந்து எந்தெந்த அதிகாரிக்கு, எந்தெந்த அலுவலகத்துக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைத்திருந்தது. நூற்றுக்கணக்கான அரசு ஊழியர்கள் அறிக்கைக்குள் வந்தார்கள்.

முதல்வர் எடியூரப்பா பற்றிய பகுதி சில பக்கங்களே. அவர் குடும்பத்தினர் நடத்திய பிரேரணா கல்வி அறக்கட்டளைக்குச் சுரங்க நிறுவனம் ஒன்றிடமிருந்து 10 கோடி ரூபாய் நன்கொடை போயிருந்தது. பெங்களூருவில் அவர் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த ஒரு நிலம், சந்தை விலையைவிடப் பல மடங்கு கூடுதலாக, 20 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டிருந்தது. அறிக்கை வெளியாகும் முன்பே இவை பத்திரிகைகளில் கசிந்துவிட்டன. தன் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்படுவதாக ஹெக்டே புகார் சொன்னதும் அந்த நாட்களில்தான்.

அறிக்கை கொடுத்த நான்காம் நாள், ஜூலை 31 அன்று எடியூரப்பா ராஜினாமா செய்தார். தென்னிந்தியாவில் பாஜக சொந்தமாக அமைத்த முதல் ஆட்சியின் முதல்வர் அவர். இதை ஹெக்டேயின் வெற்றி என்று மட்டும் சொன்னால் கணக்கு முழுமையாகாது. ஆகஸ்ட் 1 அன்று நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கவிருந்தது. 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் மன்மோகன் சிங் அரசைத் தாக்கத் தயாராக இருந்த பாஜகவுக்கு, பெங்களூருவிலிருந்து ஒரு 25,000 பக்கச் சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு அவைக்குள் போக முடியாது. தில்லித் தலைமைக்கு வேறு வழியில்லை. அறிக்கைக்குச் சட்டப்படி யாரையும் பதவியிறக்கும் வலு இருக்கவில்லை. அதை நாடே படித்துவிட்டது என்பதுதான் வலு. லோக் ஆயுக்தா வாய் திறந்ததன் பலன் இதுதான்.

சுரங்கங்களை உண்மையில் நிறுத்தியது உச்ச நீதிமன்றம். எஸ்.ஆர்.ஹிரேமட்டின் ‘சமாஜ பரிவர்த்தன சமுதாய’ அமைப்பு தொடுத்த வழக்கில், 2011 ஜூலை 29 அன்று பெல்லாரி மாவட்டத்தில் சுரங்கப் பணிக்குத் தடை விதித்தது. விதிமீறலின் அளவைப் பொறுத்துச் சுரங்கங்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன. மோசமானவற்றின் குத்தகையே ரத்தானது.

அத்வானிக்காக

இனி, திரும்பப் பெற்ற அந்த ராஜினாமா. 2010 ஜூன் 23 அன்று விலகியவர், பத்துப் பன்னிரண்டு நாளில் மனம் மாறினார். காரணம், எல்.கே.அத்வானி பேசினார். அத்வானி தனக்குத் தந்தை போன்றவர், அவர் சொன்னால் தட்ட முடியாது என்றார் ஹெக்டே. ஆளுநர் கேட்டார், மத்திய உள்துறை அமைச்சர் கேட்டார், தெருவில் இறங்கி மக்கள் கேட்டார்கள். அவர்களுக்காக மாறாத மனம், ஆளுங்கட்சியின் மூத்த தலைவருக்காக மாறியதா என்று விமர்சனம் எழுந்தது. நியாயமான விமர்சனம்தான். கட்சி சார்பற்ற ஒரு காவல் பதவியில் இருப்பவர், அந்தப் பதவி யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்களுடைய தலைவரின் வார்த்தைக்குக் கட்டுப்பட்டேன் என்று சொல்லக் கூடாது. மனதுக்குள் அப்படியே இருந்திருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது. ஒளிவுமறைவில்லாமல் பேசுவது அவருக்கு வரம் மட்டுமல்ல, சில நேரம் தொல்லையும்கூட.

ஆனால் அத்வானி பேச்சைக் கேட்டுத் திரும்பி வந்தவர் அடுத்த ஆண்டே அத்வானியின் கட்சி முதல்வரை வீட்டுக்கு அனுப்பும் அறிக்கையைக் கொடுத்தார். திரும்பி வராமல் இருந்திருந்தால் இரண்டாவது அறிக்கை யார் கையில் போய் என்ன ஆகியிருக்குமோ. விலகியது மானம், திரும்பியது பலன். இரண்டில் எது பெரிது என்று கேட்டால், பலன்தான் என்று சொல்வேன்.

இன்னொரு விமர்சனமும் உண்டு. 2011 ஏப்ரலில் அண்ணா ஹசாரேயின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு லோக்பால் வரைவுக் குழு அமைந்தபோது, அதில் மக்கள் தரப்பு உறுப்பினர் ஐவரில் ஒருவராக ஹெக்டே உட்கார்ந்தார். பதவியில் இருக்கும் லோக் ஆயுக்தா ஓர் இயக்கத்தின் பிரதிநிதியாகலாமா? கூடாது என்பதே என் எண்ணம். பதவிக்காலம் முடியும்வரை பொறுத்திருக்கலாம். அந்த இயக்கத்திலிருந்து ஒரு கட்சி பிறந்தபோது அவர் அதில் சேரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பதவி போன பிறகும் அவர் அடங்கவில்லை. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவரை மணிப்பூருக்கு அனுப்பியது. அங்கே 1,528 பேர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டதாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் தொடுத்த வழக்கு அது. மாதிரிக்கு ஆறு ‘என்கவுன்ட்டர்’ சம்பவங்களை விசாரிக்கும்படி ஹெக்டே தலைமையில் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ, கர்நாடக முன்னாள் காவல் துறைத் தலைவர் அஜய்குமார் சிங் ஆகியோரைக் கொண்ட குழுவை அமைத்தது. மூன்றே மாதத்தில் அறிக்கை வந்தது. ஆறும் போலி. கொல்லப்பட்டவர்களில் 12 வயதுச் சிறுவன் ஒருவனும் உண்டு. ஆறில் ஒன்றாவது நிஜமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது பேரிடி. ஆயுதப் படைகளுக்கான சிறப்பு அதிகாரச் சட்டம் பற்றி 2016-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்கும், மறு ஆண்டு சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டதற்கும் அந்த அறிக்கையே அடித்தளம். பெல்லாரியைவிட இதுதான் அவருடைய பெரிய வேலை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இம்பாலில் நடந்ததற்குத் தில்லியிலிருந்து கேமராக்கள் வருவதில்லை.

நாற்காலி அப்படியே, கால் மட்டும் இல்லை

ஹெக்டே போன பிறகு கர்நாடக லோக் ஆயுக்தாவுக்கு என்ன ஆனது என்பதைத்தான் தமிழக வாசகர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அடுத்து வந்த சிவராஜ் பாட்டீல், வீட்டுமனை ஒதுக்கீடு தொடர்பான புகாரால் இரண்டு மாதத்துக்குள் விலகினார். அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் நாற்காலி காலி. 2013-ல் வந்த பாஸ்கர் ராவ் காலத்தில் லோக் ஆயுக்தா அலுவலகத்தின் பெயரைச் சொல்லியே அதிகாரிகளை மிரட்டிப் பணம் பறித்த விவகாரம் வெடித்தது. 2015-ல் அவருடைய மகனே கைதானார். லோக் ஆயுக்தாவும் பதவி விலகினார்.

இந்தக் கேவலத்தைக் காரணம் காட்டி 2016 மார்ச்சில் சித்தராமையாவின் காங்கிரஸ் அரசு ஊழல் தடுப்புப் பிரிவு என்று தனியாக ஒன்றை உருவாக்கி, லோக் ஆயுக்தா போலீஸின் அதிகாரத்தை அதற்கு மாற்றியது. அந்தப் பிரிவு முதல்வரின் கட்டுப்பாட்டில். ஹெக்டே பெயரைச் சொல்லி 2013-ல் ஆட்சிக்கு வந்த கட்சிதான் இதைச் செய்தது. அடுத்து ஆட்சிக்கு வந்தவர்களும் அதைக் கலைக்கவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லாருக்கும் பலமான லோக் ஆயுக்தா வேண்டும். 2018-ல் விஸ்வநாத் ஷெட்டி என்ற லோக் ஆயுக்தா தன் அலுவலக அறையிலேயே கத்தியால் குத்தப்பட்டார், நல்லவேளையாக உயிர்பிழைத்தார். 2022 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம்தான் அந்தத் தனிப் பிரிவை ரத்துசெய்து அதிகாரத்தை லோக் ஆயுக்தாவிடம் திருப்பிக் கொடுத்தது. ஏழு மாதம் ஆவதற்குள், 2023 மார்ச்சில், ஆளுங்கட்சி எம்எல்ஏ ஒருவரின் மகன் 40 லட்சம் ரூபாய் வாங்கும்போது பிடிபட்டார், தொடர் சோதனையில் கோடிக்கணக்கில் ரொக்கம் கிடைத்தது. அதிகாரம் இருந்தால் வேலை நடக்கும், இல்லையென்றால் நடக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வழக்குகளின் கதை சோர்வூட்டுவது. லோக் ஆயுக்தா அறிக்கையின் அடிப்படையில் எடியூரப்பா மீது பதிவான வழக்கை 2012 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. பிறகு உச்ச நீதிமன்ற உத்தரவால் சிபிஐ விசாரித்த பிரேரணா வழக்கில் 2016 அக்டோபரில் அவர் விடுதலையானார். மீண்டும் முதல்வரும் ஆனார். ஜனார்த்தன ரெட்டி மீதான ஓபுலாபுரம் சுரங்க வழக்கு ஆந்திர எல்லையில் நடந்த முறைகேடு பற்றியது, தனி வழக்கு. அதில் 2025 மே மாதம்தான் ஏழாண்டுத் தண்டனை வந்தது, அடுத்த மாதமே தெலங்கானா உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பேலேகேரியில் ஜப்தி செய்த தாது காணாமல்போன வழக்கில் 2024 அக்டோபரில் கார்வார் எம்எல்ஏ சதீஷ் சைல் உள்ளிட்டோருக்கு ஏழாண்டுச் சிறை. கோகுல் ஜப்தி செய்து பதினான்கு ஆண்டுகள் கழித்து. அந்தத் தண்டனையையும் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

இதையெல்லாம் வைத்து ஹெக்டே தோற்றுவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. குற்றம் நிரூபிப்பது நீதிமன்றத்தின் வேலை. நடந்தது என்ன என்று ஊருக்குக் கணக்கு கொடுப்பது கண்காணிப்பவரின் வேலை. அவர் கணக்கு கொடுத்தார். இரும்புத் தாது இன்று பெல்லாரியில் முன்புபோலக் கணக்கில்லாமல் வெட்டப்படுவதில்லை. எண்பது வயதைத் தாண்டியும் அவர் கல்லூரி கல்லூரியாகப் போய் ஜீப் ஊழலில் தொடங்கி நிலக்கரி ஊழல் வரை தொகை எப்படி வளர்ந்தது என்று மாணவர்களுக்குச் சொன்னார். திருப்தியும் மனிதநேயமும் வேண்டும் என்று அந்த உரைகள் முடியும். அந்தப் பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை. பேராசைக்காரர்கள் திருப்தி பற்றிய உரையைக் கேட்டுத் திருந்த மாட்டார்கள், கணக்குக் கேட்டால்தான் பயப்படுவார்கள் என்பதை அவருடைய சொந்த வாழ்க்கையே காட்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் லோக் ஆயுக்தா சட்டம் உச்ச நீதிமன்றம் நெருக்கிய பிறகு 2018 ஜூலையில்தான் வந்தது. கர்நாடகத்துக்கு 34 ஆண்டுகள் பின்னால். அரசு ஒப்பந்தங்கள், பணி நியமனங்கள் தொடர்பான விஷயங்கள் விசாரணை வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தன. பல் இல்லாத சட்டம் என்று சொல்லி அன்றைய எதிர்க்கட்சியான திமுக வெளிநடப்பு செய்தது. மதுரை கிரானைட் முறைகேடு நமக்கு நினைவிருக்கும். 2012-ல் மாவட்ட ஆட்சியர் சகாயம் கணக்கிட்ட இழப்பு 16,338 கோடி ரூபாய். பெல்லாரித் தொகைக்குச் சற்றுக் கூடுதல். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் பேச இங்கே ஒரு லோக் ஆயுக்தா அன்று இருக்கவில்லை. பெல்லாரி விவகாரம் முழுக்க முழுக்கக் குத்தகையும் உரிமமும் சம்பந்தப்பட்டது. அவற்றைத் தொடாதே என்று சட்டமே சொல்லியிருந்தால் ஹெக்டேயால் முதல் பக்கத்தைக்கூட எழுதியிருக்க முடியாது.

அடுத்த முறை உங்கள் தொகுதி வேட்பாளர் வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். டெண்டரையும் ஒப்பந்தத்தையும் விசாரிக்கும் அதிகாரத்தை லோக் ஆயுக்தாவுக்குக் கொடுப்பீர்களா? அரசின் அனுமதிக்குக் காத்திருக்காமல் வழக்குத் தொடுக்க அதற்குச் சொந்தமாகப் போலீஸும் வழக்கறிஞர்களும் தருவீர்களா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.